பாக்டீரியாவின் ஏட்டில் இடைச்செருகல்

ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் பங்காளிகள். ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்தவை. பிரிந்து பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது என்பது பொதுவான கணக்கு. ஒன்று நம் குடலில் பெரும்பாலும் சாதுவாகக் குடியிருக்கிறது. மற்றது டைஃபாய்டையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவருகிறது. இரண்டின் குரோமோசோம்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மரபணுக்கள் பெரும்பாலும் அதே வரிசையில் நிற்கின்றன. ஒரே மரபணுவை இரண்டிலிருந்தும் எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் ஏறக்குறைய ஆறுக்கு ஒன்று மாறியிருக்கிறது. இத்தனை நெருக்கம் இருந்தும் இவற்றிடையே கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஆய்வுக்கூடத்தில் ஒரே குடுவையில் விட்டால் ஒன்று மற்றொன்றுக்குள் டிஎன்ஏவைச் செலுத்தத்தான் செய்கிறது. செலுத்திய டிஎன்ஏ உள்ளேயும் போய்ச் சேர்கிறது. குரோமோசோமில் மட்டும் ஒட்டுவதில்லை.

ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கான விடை 1989இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. பாரிஸில் பணியாற்றிய கிறிஸ்டியான் ரெய்சிகியே, டேவிட் தேலர், மிரோஸ்லாவ் ராட்மன் ஆகிய மூவரும் ஒரு புரதத்தைச் செயலிழக்கச் செய்த பாக்டீரியாக்களை எடுத்துக்கொண்டு அதே இணைவுச் சோதனையைச் செய்தார்கள். ஒட்டாத டிஎன்ஏ ஒட்டியது. ஒட்டும் வீதம் ஆயிரம் மடங்கு வரை கூடியது. பத்துக் கோடி ஆண்டு விலகலை ஒரே ஒரு புரதத்தின் இன்மை கலைத்துப்போட்டது.

மியூட்எஸ் என்ற அந்தப் புரதம் அயலாரைத் தடுப்பதற்காக ஏற்பட்ட காவல் புரதம் அன்று. அதன் அன்றாட வேலை எழுத்துப்பிழை பார்ப்பது.

அந்த அன்றாட வேலையிலிருந்தே தொடங்கலாம். ஈ.கோலையின் குரோமோசோமில் சுமார் 46 லட்சம் எழுத்து இணைகள் உள்ளன. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள். ஏ எதிரே டி, ஜி எதிரே சி. செல் பிரியும் முன் இரட்டை இழை பிரிந்து, ஒவ்வொரு பழைய இழையையும் பார்த்து ஒரு புதிய இழை எழுதப்படுகிறது. எழுதும் நொதியின் வேகம் வினாடிக்கு ஆயிரம் எழுத்து அளவில் இருக்கும். அந்த வேகத்தில் எழுதினால் பிழை வராமல் இருக்குமா? லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறான எழுத்து விழுகிறது. இரு புதிய இழைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு பிரிவுக்குத் தொண்ணூறு பிழை. எழுதும் நொதியே ஓர் எழுத்து பின்வாங்கித் தன் தவறை அழித்து மீண்டும் எழுதும் திறன் உடையது. அந்தச் சுய சரிபார்ப்பு பிழையை நூறில் ஒன்றாகக் குறைக்கிறது. இப்போது பிரிவுக்கு ஒரு பிழை என்ற அளவுக்கு வந்துவிட்டோம். மனிதர் எழுதும் எந்தப் படிக்கும் இது பெருமையான கணக்குதான். பாக்டீரியாவுக்கு இது போதாது. நொதி எழுதிவிட்டு நகர்ந்த பிறகு, வேறொரு குழு வந்து புதிய படியைத் தடவிப் பார்த்து, பொருந்தாமல் நிற்கும் இணைகளைக் கண்டு திருத்துகிறது. பொருத்தப்பிழைத் திருத்தம் என்று இதைச் சொல்லலாம். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஆயிரம் பிரிவுகளுக்கு ஒரு பிழைதான் எஞ்சுகிறது.

இங்கே ஓர் இடக்கான கேள்வி வருகிறது. ஏ எதிரே சி நிற்கிறது என்றால் பிழை இருப்பது தெரிகிறது. ஆனால் எது பிழை? ஏ தவறா, சி தவறா? பழைய இழையைத் திருத்தினால் பிழை நிலைபெற்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு திருத்தினால் பாதிக்குப் பாதி தவறு. ஓலைச்சுவடியைப் பதிப்பித்தவர்களுக்குப் பழகிய தலைவலி இது: இரு ஏடுகளில் இரு பாடங்கள் இருந்தால் எது மூலம், எது பெயர்த்தெழுதியவன் கைப்பிழை?

பாக்டீரியாவிடம் இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. சுவடியை வைத்தே அதை விளக்க முடியும். எழுத்தாணியால் கீறி முடித்த புதிய ஓலையில் எழுத்து சரியாகத் தெரியாது. விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவிய பிறகுதான் கீறல் கறுத்து எழுத்தாகும். மை ஏறாத ஓலை அண்மையில் எழுதியது. மை ஏறியது பழையது. ஈ.கோலையும் தன் இழைகளுக்கு மை தடவுகிறது. ஜிஏடிசி என்ற நான்கெழுத்துத் தொடர் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் உள்ள ஏ எழுத்தின்மேல் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்துவிடும் நொதி அதனிடம் உண்டு. எதிர் இழையைத் திருப்பிப் படித்தாலும் அதே ஜிஏடிசி. அதனால் இரு இழைகளிலும் அடையாளம் இருக்கும். குரோமோசோம் முழுவதும் இப்படிப்பட்ட இடங்கள் சுமார் 19 ஆயிரம். புதிய இழை எழுதப்பட்டவுடன் மெத்தில் ஏறுவதில்லை. வினாடிகளோ சில நிமிடங்களோ தாமதமாகிறது. பிழைதிருத்தும் குழு வேலை செய்வது அந்தச் சிறு இடைவெளியில்தான். மெத்தில் இல்லாத இழை புதியது, திருத்தவேண்டியது அதைத்தான்.

இதை நிறுவிய கதை சற்று நீளமானது. ஹார்வர்டில் மாத்யூ மெசல்சனும் அவரது மாணவர்களும் 1970களில் வேண்டுமென்றே பொருந்தா இணைகளைப் புகுத்திய வைரஸ் டிஎன்ஏவை ஈ.கோலைக்குள் செலுத்தி, அவை திருத்தப்படுவதைக் காட்டினார்கள். மெத்தில்தான் அடையாளமாக இருக்கவேண்டும் என்ற யோசனை மெசல்சன், ராட்மன் ஆகியோரிடமிருந்து வந்தது. மெத்தில் ஏற்றும் நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தவர் பால் மோட்ரிச். நியூ மெக்சிகோவின் ஒரு சிற்றூரில் உயிரியல் ஆசிரியரின் மகனாக வளர்ந்தவர். மெசல்சன், மோட்ரிச் இருவர் குழுக்களும் சேர்ந்து, ஓர் இழையில் மட்டும் மெத்தில் ஏற்றிய டிஎன்ஏவைச் செய்து சோதித்தபோது, மெத்தில் இல்லாத இழையே திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு மோட்ரிச் அந்தக் குழுவின் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தார். 1989இல் சோதனைக்குழாயில் சுத்தமான புரதங்களை மட்டும் கலந்து முழுத் திருத்தத்தையும் நிகழ்த்திக் காட்டினார். 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு தோமஸ் லிண்டால், அஜீஸ் சஞ்சார் ஆகியோருடன் அவருக்கும் கிடைத்தது. மெசல்சனும் ராட்மனும் அந்தப் பட்டியலில் இல்லை. மூவருக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற விதி எப்போதும் யாரையாவது வாசலில் நிறுத்திவிடுகிறது.

குழுவில் மூவர் முக்கியமானவர்கள். மியூட்எஸ் என்பது இழையைத் தடவிப் பார்ப்பது. சரியாகப் பொருந்திய இணை இருக்கும் இடத்தில் டிஎன்ஏ விறைப்பாக இருக்கும். பொருந்தா இணை இருக்கும் இடத்தில் சற்றுத் தளர்ந்து வளைந்துகொடுக்கும். மியூட்எஸ் அந்தத் தளர்ச்சியை உணர்ந்து, டிஎன்ஏவை அங்கே மடித்துப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவதான மியூட்எல் வந்து சேர்ந்து செய்தியைக் கடத்துகிறது. மூன்றாவதான மியூட்ஹெச் அருகில் உள்ள ஜிஏடிசியைத் தேடிப்போய், மெத்தில் இல்லாத இழையை வெட்டுகிறது. அந்த இடம் பிழையிலிருந்து ஆயிரம் எழுத்து தள்ளியும் இருக்கலாம். வெட்டிய இடத்திலிருந்து பிழையைத் தாண்டும் வரை இழை பிரிக்கப்பட்டு, கரைக்கப்பட்டு, புதிதாக எழுதி நிரப்பப்படுகிறது. ஓர் எழுத்து தவறென்றால் பக்கத்தையே கிழித்து மறுபடி எழுதும் கண்டிப்பான வாத்தியார்தான் இந்தக் குழு.

மனித செல்களிலும் இதன் வழித்தோன்றல்கள் உள்ளன. மெத்தில் அடையாளத்தை மட்டும் அவை பயன்படுத்துவதில்லை. அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்பது 1993இல் தெரியவந்தது. லின்ச் நோய்க்குறி என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். அது தனிக் கதை.

இனி இடைச்செருகலுக்கு வருவோம். பாக்டீரியா தாயிடமிருந்து மட்டும் மரபணு பெறுவதில்லை. மூன்று வழிகளில் அயலாரிடமிருந்தும் பெறுகிறது. செத்துப்போன பாக்டீரியாவின் டிஎன்ஏ துண்டைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளலாம். 1928இல் ஃபிரெடெரிக் கிரிஃபித் நிமோனியாக் கிருமியில் கண்டது இதைத்தான், அப்போது அது டிஎன்ஏ என்று அவருக்குத் தெரியாது. இரு செல்கள் ஒட்டிக்கொண்டு ஒன்று மற்றொன்றுக்குள் இழையைச் செலுத்தலாம். 1946இல் லெடர்பெர்க்கும் டேட்டமும் கண்டது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று தவறுதலாகப் பழைய வீட்டின் டிஎன்ஏவைச் சுருட்டிக்கொண்டு போய்ப் புதிய வீட்டில் இறக்கலாம். 1952இல் ஸிண்டரும் லெடர்பெர்க்கும் கண்டது.

எந்த வழியில் வந்தாலும், உள்ளே நுழைந்த துண்டு நிலைக்கவேண்டுமானால் அது குரோமோசோமில் தனக்கு ஒத்த இடத்தைக் கண்டு, அங்கே உள்ள இழையை விலக்கித் தான் உட்காரவேண்டும். மறுசேர்க்கை என்று இதைச் சொல்கிறோம். வந்த இழையை ரெக்ஏ என்ற புரதம் போர்த்திக்கொண்டு, ஒத்த தொடரைத் தேடி, இணைசேர்க்கிறது. அப்படி இணைசேர்ந்த கணத்தில் ஒரு கலப்பு இரட்டை உருவாகிறது: ஓர் இழை வீட்டுடையது, மற்றொன்று விருந்தாளியுடையது. வந்தது அதே இனத்து டிஎன்ஏ என்றால் நூறு எழுத்துக்கு ஒன்றிரண்டுதான் மாறியிருக்கும். பங்காளியுடையது என்றால் ஆறுக்கு ஒன்று மாறியிருக்கும். அதாவது ஆறு இணைகளுக்கு ஒன்று பொருந்தாமல் நிற்கும்.

தடவிப் பார்க்கும் மியூட்எஸ்ஸுக்கு இது எப்படித் தெரியும்? பக்கம் முழுக்க எழுத்துப்பிழை என்றுதான் தெரியும். இது அயலூர்ப் பாடம், இதற்கும் ஒரு பொருள் உண்டு என்று அறிந்துகொள்ளும் வழி அதற்கு இல்லை. அயல் இனத்து டிஎன்ஏவைத் தடுக்கவேண்டும் என்ற நோக்கமும் அதற்கு இல்லை. பிழை என்று பிடிக்கிறது, பிடித்ததால் ஒட்டுதல் தடைப்படுகிறது. இரண்டு இனங்கள் தனித்தனி இனங்களாக நிற்பதில் ஒரு பங்கு, பிழைதிருத்துபவரின் இந்தப் பிடிவாதத்துக்கு உண்டு.

எப்படித் தடைப்படுகிறது என்பதையும் மோட்ரிச், ராட்மன் குழுக்கள் சேர்ந்து 1994இல் சோதனைக்குழாயில் காட்டின. எம்13, எஃப்டி என்ற இரு வைரஸ்களின் டிஎன்ஏ தமக்குள் 3 சதவீதம் மட்டுமே மாறுபடுபவை. ரெக்ஏ அவ்விரண்டையும் எளிதாக இணைசேர்த்துவிடுகிறது. மியூட்எஸ்ஸையும் மியூட்எல்லையும் சேர்த்தால் இழைப் பரிமாற்றம் நடுவழியில் நின்றுபோகிறது. ஒரே வைரஸின் டிஎன்ஏவை மட்டும் கொடுத்தால் எந்தத் தடையும் இல்லை. திருத்துவதற்குக்கூடக் காத்திராமல், சேர்க்கை நடந்துகொண்டிருக்கும்போதே முட்டுக்கட்டை விழுகிறது. 1989ஆம் ஆண்டுச் சோதனையில் மியூட்எஸ், மியூட்எல் இல்லாதபோது தடை பெரிதும் தளர்ந்து, மியூட்ஹெச் இல்லாதபோது அவ்வளவு தளராமல் இருந்ததற்கும் இது பொருந்துகிறது. ஈ.கோலை, சால்மோனெல்லா இரண்டுமே மெத்தில் ஏற்றுபவை. ஆகையால் கலப்பு இரட்டையின் இரு இழைகளிலும் மை ஏறியிருக்கிறது. மெத்தில் இல்லாத இழையை வெட்டுவதே தொழிலான மியூட்ஹெச்சுக்கு அங்கே அதிக வேலை இல்லை.

இந்தத் தடையைச் சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்து வேறுபாடு கூடக் கூட மறுசேர்க்கையின் வீதம் பல மடங்காகக் குறைந்துகொண்டே போகிறது. குறிப்பிட்ட ஓரிடத்தில் அறுந்துவிடுவதில்லை. நான் இதைச் சரிவு என்று சொல்வேன். சரிவின் மேல்முனையில் அண்ணன் தம்பிகள், நடுவில் ஒன்றுவிட்ட உறவுகள், அடியில் பங்காளிகள். விலங்கு உலகின் இன எல்லையைப் பாக்டீரியாவின்மீது அப்படியே பொருத்தப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

எல்லாப் பாக்டீரியாவிலும் இந்தக் காவல் ஒரே அளவில் இல்லை. மண்ணில் வாழும் பேசில்லஸில் மியூட்எஸ்ஸின் பங்கு சிறிது. அங்கே முக்கியத் தடை, ரெக்ஏ இணைசேர்க்கத் தொடங்கும் முனையில் எழுத்து மாறாத ஒரு சிறு துண்டு வேண்டும் என்பதுதான். வேறுபாடு கூடினால் அப்படிப்பட்ட துண்டு அகப்படுவது அரிது. நிமோனியாக் கிருமியில் காவல் இருக்கிறது, ஆனால் ஆட்கள் போதவில்லை. துலூஸ் நகரில் ழான்பியேர் கிளாவரியின் குழு 1990களில் காட்டியது சுவையான செய்தி: வேறுபாடு மிகுந்த டிஎன்ஏ நிறைய உள்ளே வந்தால், பிழைபிடிக்கும் புரதம் எல்லாம் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு தீர்ந்துபோகிறது. திருவிழாக் கூட்டத்தில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் மட்டும் நிற்பது போலத்தான்.

அந்த ஓட்டையின் விலையை மருத்துவமனைகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பென்சிலின் தாக்கும் இலக்கு, பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டும் சில புரதங்கள். பென்சிலினுக்கு மசியாத நிமோனியாக் கிருமிகளில் அப்புரதங்களின் மரபணுக்களைப் படித்தவர்கள் ஒட்டுத்துணியைக் கண்டார்கள். கொஞ்சம் சொந்த எழுத்து, நடுவே ஐந்துக்கு ஒன்று மாறும் அளவுக்கு அந்நியமான பத்தி, மறுபடி சொந்த எழுத்து. அந்தப் பத்திகள் வந்தது, நம் வாயிலும் தொண்டையிலும் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உறவினர்களிடமிருந்து. இடைச்செருகலுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காவலுக்கு இன்னொரு குருட்டுப்புள்ளியும் உண்டு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். மியூட்எஸ் கண்டுபிடிப்பது ஓர் எழுத்து மாறியதையும், மூன்று நான்கு எழுத்துகள் கூடுதலாகத் துருத்திக்கொண்டிருப்பதையும்தான். அதற்கு மேற்பட்ட பெரிய துருத்தல்களை அது பிழையாகக் கருதுவதில்லை. ஆகவே இரு முனைகளும் வீட்டு எழுத்தோடு ஒத்துப்போகும் ஒரு துண்டு, நடுவே முற்றிலும் புதிய ஒரு மரபணுவைத் தூக்கிக்கொண்டு வந்தால், அது உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். ‘ல’கரத்துக்கு ‘ள’கரம் போட்டால் பாய்ந்து பிடிக்கும் திருத்துநர், முழு அதிகாரத்தையே நடுவில் செருகினால் சும்மா விட்டுவிடுகிறார்.

பிளாஸ்மிட் விஷயத்தில் அந்த நடிப்புகூடத் தேவையில்லை. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமில் ஒட்டவேண்டிய அவசியமே இல்லாத சிறு டிஎன்ஏ வளையம். தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு தனியாக வாழும். இணைசேர்க்கை இல்லாத இடத்தில் பொருத்தப்பிழை ஏது? 1950களின் இறுதியில் ஜப்பானில் வயிற்றுக்கடுப்புக் கிருமியான ஷிகெல்லா பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் மசியாமல் போனதும், அந்தத் திறன் முழுவதும் ஒரே தாவலில் ஈ.கோலையிலிருந்து ஷிகெல்லாவுக்குப் போகக்கூடியது என்று கண்டதும் இவ்வழியில்தான். நமக்கு அருகில் நடந்ததும் உண்டு. கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையும் உடைக்கும் என்டிஎம்-1 நொதியின் மரபணு எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று 2010இல் ‘லான்செட்’ குழும இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். சென்னையில் மட்டும் அந்த மரபணு உள்ள 44 பாக்டீரியா மாதிரிகளை அந்த ஆய்வு கணக்கில் காட்டியது. பெயரின் ‘என்டி’ நியூ டெல்லியைக் குறிப்பதைப் பற்றித்தான் அப்போது நாட்டில் கூச்சல் எழுந்தது. மரபணு பிளாஸ்மிட்டில் ஏறி இனம்விட்டு இனம் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் கவலைப்படவேண்டிய செய்தி. அதைப் பற்றிக் கூச்சல் குறைவு. எவ்வளவு கண்டிப்பான மியூட்எஸ் இருந்தாலும் அந்தப் பயணத்தை நிறுத்தியிருக்காது.

பிழைதிருத்துபவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டால் என்ன ஆகும்? பாக்டீரியாக்கள் இதை அடிக்கடி செய்துபார்க்கின்றன. மியூட்எஸ் மரபணுவிலேயே பிழை விழுந்து அது செயலிழந்தால், அந்தச் செல்லின் சந்ததியில் பிறழ்வு வீதம் நூறு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் எகிறும். பெரும்பாலான பிறழ்வுகள் கெடுதலானவை. ஆகையால் இப்படிப்பட்ட பிழைமலிந்த வகைகள் விரைவில் அழிந்துபோகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளிகளிடமிருந்தும் உணவிலிருந்தும் வந்த ஈ.கோலை, சால்மோனெல்லா மாதிரிகளைச் சோதித்தபோது நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இந்த வகையாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஸ்பெயினில் வந்த கண்டுபிடிப்பு இன்னும் கூர்மையானது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயால் நுரையீரலில் சளி இறுகி, ஆண்டுக்கணக்கில் சூடோமோனாஸ் கிருமியோடு வாழும் 30 நோயாளிகளில் 11 பேரிடம் பிழைமலிந்த வகை இருந்தது. அந்த நோய் இல்லாத 75 பேரிடமிருந்து எடுத்த அதே கிருமியில் ஒன்றுகூட அப்படி இல்லை.

காரணம் இடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கான மருந்து, நோய் எதிர்ப்பு, இறுகிய சளி என்று ஓயாமல் மாறும் இடத்தில், நிறையப் பிழை செய்பவனுக்கு ஏதாவது ஒரு நல்ல பிழை முதலில் அகப்படுகிறது. மருந்துக்குத் தப்பும் அந்த நல்ல பிழை வெற்றி பெறும்போது, அதே செல்லில் இருக்கும் பழுதான மியூட்எஸ் மரபணுவும் அதன் முதுகில் ஏறிப் பரவுகிறது. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் தொடங்கிய நெடுங்காலச் சோதனையில் ஒரே ஈ.கோலை வகையிலிருந்து கிளைத்த 12 குடும்பங்கள் தனித்தனிக் குடுவைகளில் வளர்ந்தன. பத்தாயிரம் தலைமுறைக்குள் மூன்று குடும்பங்கள் பிழைமலிந்தவையாக மாறிவிட்டன. யாரும் அவற்றைத் தூண்டவில்லை. எலியின் குடலில் செய்த வேறொரு சோதனையில் இதன் மறுபக்கமும் தெரிந்தது: புதிய குடலில் குடியேறும்போது பிழைமலிந்த வகை முந்துகிறது, குடியேறி முடிந்த பிறகு சேர்த்துவைத்த பிழைகள் சுமையாகின்றன. வேறொரு குடலுக்கு மாறவேண்டி வந்தால் அவை திணறுகின்றன.

அப்படியானால் சுமை கூடிய பிறகு என்ன வழி? திருத்துபவரை மறுபடி வேலைக்கு வைக்கவேண்டும். ஆனால் மரபணு உடைந்துபோயிற்று. லென்ஸ்கியின் குடுவையில் இதற்கு வழியில்லை. அங்கே வளரும் வகை அயல் டிஎன்ஏ வாங்குவதில்லை, சுற்றிலும் அயலாரும் இல்லை. குடலிலும் மண்ணிலும் அப்படி அல்ல. மியூட்எஸ் இல்லாத பாக்டீரியா பிழை மலிந்தது மட்டும் அல்ல, வாசல் திறந்ததும்கூட. அயலாரின் டிஎன்ஏ அதன் குரோமோசோமில் ஆயிரம் மடங்கு எளிதாக ஒட்டுகிறது. ஒட்டும் துண்டுகளில் ஒன்று முழுதான மியூட்எஸ் மரபணுவாகவே இருக்கலாம். அது வந்து உட்கார்ந்த கணத்தில் திருத்தம் தொடங்கிவிடும், கதவும் சாத்திக்கொள்ளும். தனக்குத் தடையாக இருந்திருக்கக்கூடிய ஒன்று, தான் இல்லாத இடைவெளியில் நுழைந்து, நுழைந்த பிறகு தன்னைப் போன்றவர்களைத் தடுக்கத் தொடங்குகிறது.

இது வெறும் ஊகமாக இருந்திருந்தால் அழகான ஊகம் என்று விட்டுவிடலாம். 2000ஆம் ஆண்டு ‘செல்’ இதழில் எரிக் தெனாமூர், இவான் மாட்டிக், ராட்மன் முதலானோர் இயற்கையில் கிடைத்த ஈ.கோலை வகைகளின் மரபணுக்களைப் படித்துச் சான்று காட்டினார்கள். அந்த வகைகளின் அன்றாட வேலைகளுக்கான மரபணுக்களை வைத்து வம்சாவளி வரைந்தால் ஓரளவு ஒத்துப்போகும் ஒரு மரம் கிடைக்கிறது. பொருத்தப்பிழைத் திருத்த மரபணுக்களை வைத்து வரைந்தால் அந்த மரத்தோடு ஒத்துவராமல் கிளைகள் தாறுமாறாகின்றன. அந்த மரபணுக்களே துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களிலிருந்து ஒட்டப்பட்டவை. ஏட்டில் இடைச்செருகலைத் தடுக்கும் பகுதிதான் மற்றப் பகுதிகளைவிட அதிகமான இடைச்செருகல்களைக் கொண்டது. அது பலமுறை தொலைந்து பலமுறை கடனாக மீட்கப்பட்டதன் தழும்பு என்பது அவர்கள் விளக்கம். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் தோன்றவில்லை.

நெருக்கடி காலத்தில் காவல் தளர்வதற்கு மரபணுவே தொலையவேண்டும் என்பதும் இல்லை. டிஎன்ஏ பலத்த சேதம் அடைந்தால் பாக்டீரியாவில் எஸ்ஓஎஸ் என்ற அபாய ஏற்பாடு விழித்துக்கொள்கிறது. அந்த யோசனையை 1970களில் முன்வைத்தவர்களில் ஒருவரும் ராட்மன்தான். ரெக்ஏ அப்போது மிகுதியாக உற்பத்தியாகிறது. 1995இல் மாட்டிக்கும் அவர் தோழர்களும் காட்டியபடி, எஸ்ஓஎஸ் விழித்திருக்கும்போது இனம் கடந்த மறுசேர்க்கை கூடுகிறது. ஒரு பக்கம் மியூட்எஸ் பிரேக் பிடிக்கிறது, மறு பக்கம் எஸ்ஓஎஸ் முடுக்குகிறது. சில ஆன்டிபயாடிக்குகள் டிஎன்ஏவைச் சேதப்படுத்தியே கொல்பவை என்பதையும், அவை எஸ்ஓஎஸ்ஸை எழுப்பக்கூடியவை என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

மியூட்எஸ்ஸும் மியூட்எல்லும் இல்லாமலே காலந்தள்ளும் கிருமிகளும் இருக்கின்றன. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் அவற்றில் ஒன்று. அதன் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும் அளவுக்கு அது ஓயாமல் பிழை செய்கிறது, ஓயாமல் தன் இனத்தாரோடு டிஎன்ஏ மாற்றிக்கொள்கிறது. காசநோய்க் கிருமி நேர் எதிர். அதனிடமும் மியூட்எஸ், மியூட்எல் மரபணுக்கள் கிடையாது. ஆனால் அதன் பிறழ்வு வீதம் மற்றப் பாக்டீரியாக்களைப் போலவே குறைவு. இது நெடுங்காலம் விடையில்லாத புதிராக இருந்தது. ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகளுக்கு அது மசியாமல் போவது முழுக்க முழுக்கச் சொந்த எழுத்துப்பிழைகளால்தான். பிளாஸ்மிட் கடன் எதுவும் இல்லை. ஆகவே அதன் பிழைதிருத்துபவர் யார் என்பது மருத்துவத்துக்கும் வேண்டிய கேள்வியாக இருந்தது.

2017இல் விடை கிடைத்தது. காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவினரான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து பார்த்த ஐரோப்பிய ஆய்வாளர்கள், நியூக்எஸ் என்ற புரதம் இல்லாவிட்டால் பிறழ்வு வீதம் நூறு மடங்கு அளவில் கூடுவதைக் கண்டார்கள். நியூக்எஸ்ஸுக்கும் மியூட்எஸ்ஸுக்கும் வடிவத்தில் எந்த உறவும் இல்லை. மெத்தில் அடையாளம் பார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. வேறொரு வம்சத்திலிருந்து வந்து, வேறொரு முறையில் அதே வேலையைச் செய்யும் புரதம் அது. அந்த ஆய்வாளர்கள் இன்னொரு சோதனையும் செய்தார்கள். நியூக்எஸ் இல்லாத பாக்டீரியாவில், எழுத்து மாறுபட்ட டிஎன்ஏ துண்டுகள் இணைகின்றனவா என்று பார்த்தார்கள். மியூட்எஸ் இல்லாத ஈ.கோலையைப் போலவே, அங்கேயும் அவை முன்பைவிட எளிதாக ஒட்டிக்கொண்டன.